கத்திரியில் ஊசியும் பூவாளியும்

அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும். அந்த நாட்களில் ஒரு வாரமாவது, சென்னை மொட்டை மாடியில் தொட்டிச் செடி வளர்ப்பவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் வாரமாக அமைந்துவிடும். அதே வீட்டில் பழைய பருத்திப் புடவைகளையும் தையல்கடை வெட்டுத்துணிகளையும் சேர்த்து ஒட்டுத்துணிப் போர்வை தைக்கும் ஆசையும் இருந்தால் பாடு இன்னும் கூடும். செடிக்கு எவ்வளவு நேரம், ஊசிக்கு எவ்வளவு நேரம் என்று மனசு அல்லாடும்.

பலரும் இதைப் பாகப்பிரிவினை மாதிரி பார்க்கிறார்கள். காலை தோட்டத்துக்கு, மதியம் தையலுக்கு என்று கோடு போட்டுவிட்டால் தீர்ந்தது என்கிறார்கள். கோடு சரிதான், ஆனால் அது ஏன் அங்கே விழுகிறது என்று பார்க்காமல் விட்டால் மூன்றாம் நாளே அழிந்துபோகும். வெயில் இந்த இரண்டு வேலைகளையும் ஒரே மாதிரி தொடுவதில்லை. தோட்டத்தில் செய்ய வேண்டியவற்றைக் குறைத்து, செய்யக் கூடாதவற்றைக் கூட்டிவிடுகிறது. தையலில் எதையும் அடியோடு நிறுத்துவதில்லை, எதை எப்போது தைக்கலாம் என்பதை மட்டும் மாற்றுகிறது. இந்த வேறுபாடு பிடிபட்டால், ஒன்றிடமிருந்து நேரத்தைப் பறித்து இன்னொன்றுக்குக் கொடுக்கிறோம் என்ற குற்ற உணர்வு போய்விடும்.

தோட்டத்திலிருந்து தொடங்குகிறேன். மே மாதத்தில் சென்னையில் ஆறு மணிக்கு முன்பே பொழுது விடிந்துவிடும். ஏழு மணிக்குள் தண்ணீர் ஊற்றி முடித்தால் அது வேருக்குப் போகும். ஒன்பது மணிக்கு மேல் ஊற்றினால் பாதி ஆவியாகும். மதியத்தில் மாடித் தொட்டியிலிருந்தும் ஹோஸ் பைப்பிலிருந்தும் வருவது தண்ணீர் இல்லை, வெந்நீர். பிற்பகலில் கடற்காற்று சீக்கிரம் உள்ளே வந்துவிட்டால் செடி பிழைத்தது. மேற்குக் காற்று வலுத்து அதைக் கரையிலேயே நிறுத்திவிட்டால்தான் கொடுமை. நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது 2003 மே 31 அன்று. அப்போது பஞ்சாங்கக் கணக்கில் கத்திரி முடிந்திருந்தது. ஆகவே 28-ஆம் தேதி வந்துவிட்டதே என்று நிழல்வலையை அவிழ்க்க வேண்டாம்.

மதியம் ஒரு மணிக்கு மாடிக்குப் போனால் கத்தரி, புடலை, பூசணி எல்லாம் இலையைத் தொங்கப் போட்டிருக்கும். பார்த்ததும் மனசு பதறும், கை தானாகப் பூவாளியைத் தேடும். அந்தக் கையைத்தான் தடுக்க வேண்டும். இலை வழியாகப் போகும் நீரின் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாதபோது செடி இலையைத் தளர்த்தி, வெயில் படும் பரப்பைக் குறைத்துக்கொள்கிறது. மண்ணில் ஈரம் இருந்தால் சாயங்காலம் நிழல் விழுந்ததும் அதே இலை தானே நிமிர்ந்துவிடும். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பார்த்தால் போதும். விரலில் மண் ஒட்டினால் தண்ணீர் தேவையில்லை. ஒட்டாமல் பொலபொலவென்று உதிர்ந்தால் மட்டும் தேவை. ஈரமான மண்ணில் இரக்கப்பட்டு மேலும் ஊற்றும் தண்ணீர், வேருக்குக் காற்றில்லாமல் செய்து அழுகவிடுகிறது. கோடையில் தண்ணீர் இல்லாமல் சாகும் தொட்டிச் செடிகளைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். அன்பு மிகுந்து ஊற்றிய தண்ணீரால் சாகும் செடிகளைப் பற்றியும் பேச வேண்டும்.

இன்னும் பல வேலைகளுக்கு இந்த வாரம் தடை. கிளை வெட்டக் கூடாது, தொட்டி மாற்றக் கூடாது, உரம் வைக்கக் கூடாது. வேப்பெண்ணெய்க் கரைசலை வெயில் நேரத்தில் தெளித்தால் இலை கருகும், அது சாயங்கால வேலை. தக்காளியில் பூ கொட்டுகிறதே என்று எதையாவது வாங்கித் தெளிப்பதும் வீண். பகல் 35 டிகிரியையும் இரவு 24 டிகிரியையும் தாண்டிப் போனால் மகரந்தம் கெட்டுவிடும், பிஞ்சு பிடிக்காது. சென்னையில் மே மாதத்து இரவு 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அபூர்வம். இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால் மிஞ்சுபவை சில: விடியலில் தண்ணீர், மண்ணின் மேல் காய்ந்த இலையோ தேங்காய் நாரோ பரப்பிய மூடாக்கு, வலையின் முடிச்சுகள், இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தல். இந்த வறட்சிதான் செம்பேனுக்கும் மாவுப்பூச்சிக்கும் கொண்டாட்டக் காலம். வெண்டை இலையின் மேல்பக்கம் ஊசியால் குத்தினாற்போல் வெளிறிய புள்ளிகள் தெரிந்தால், அடியில் மெல்லிய நூலாம்படை இருக்கும். தண்ணீரை அடியிலிருந்து பீய்ச்சிக் கழுவினாலே பெருமளவு போய்விடும்.

பறிப்பது மட்டும் தள்ளிப்போட முடியாத வேலை. வெண்டை, பூத்த ஐந்தாறு நாளில் பறிக்கும் பக்குவத்துக்கு வந்துவிடும். ஒருநாள் விட்டு ஒருநாள் பார்க்காவிட்டால் முற்றி நாராகும். முற்றின காயைச் செடியில் விட்டால் அது விதைக்கு உழைக்கத் தொடங்கி, அடுத்த பூவைக் குறைத்துக்கொள்ளும். கொத்தவரையும் தட்டைப்பயறும் அப்படித்தான். குண்டுமல்லிக்கோ இதுதான் பருவம், மாலையில் மொட்டு வெளுத்து உப்பியதும் பறித்தாக வேண்டும், மறுநாளைக்கு அது பூ இல்லை. ஆக, வெயில் வாரத்தின் தோட்டம் கேட்கும் நேரம் கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சத்தை அது கேட்கும் வேளையிலேயே கொடுக்க வேண்டும். நடுவில் உள்ள நீண்ட பகலில் அதைத் தனியாக விட்டுவிடுவதே பராமரிப்பு.

இப்போது போர்வைக்கு வருவோம். ஒட்டுத்துணிப் போர்வையில் மூன்று அடுக்கு உண்டு. துண்டுகளை இணைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, கீழே ஒரு முழுத்துணி. மூன்றையும் சேர்த்து நெடுக ஓட்டத் தையல் போட்டால்தான் அது போர்வை. இந்த வேலையின் பெரிய குணம், அது காத்திருக்கும். பாதி தைத்த கட்டத்தை டிபன் டப்பாவில் போட்டு மூடி ஒரு மாதம் கழித்து எடுத்தாலும் விட்ட இடத்திலேயே இருக்கும். வெண்டைக்காய்க்கு இந்தப் பொறுமை இல்லை. ஒரே நாளில் இரண்டும் கூப்பிட்டால் எதற்கு முதலில் எழுந்து போவது என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஆனால் காத்திருக்கும் என்பதற்காக வெயில் அதைத் தொடவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. கூடம் முழுக்கப் புழுக்கம். மின்விசிறியைப் போட்டால் வெட்டி வைத்த துண்டுகள் பறக்கும், நிறுத்தினால் நெற்றி வியர்வை துணியில் சொட்டும். விசிறிதான் ஓட வேண்டும். துண்டுகளை வரிசைப்படி அடுக்கி, துணிக் கிளிப் மாட்டி, மேலே ஒரு எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்துவிடலாம். விரல் ஈரத்தில் ஊசி வழுக்கிப் பாதித் துணியில் நின்றுவிடும். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் முகப்பவுடர் வைத்துக்கொண்டு, ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் அவ்வப்போது தொட்டுக்கொண்டால் சரியாகும். எழுந்து போகும்போது ஊசியைத் துணியிலேயே குத்தி வைக்கும் பழக்கத்தை இந்த மாதத்தில் விட வேண்டும். வியர்வை உப்பு பட்ட ஊசி ஓரிரு நாளில் துரு ஏறும். வெளிர் துணியில் விழுந்த அந்தச் சிறு பழுப்புப் புள்ளி சோப்புக்கு அசையாது.

எந்தக் கட்டத்தை எப்போது செய்வது என்பதில்தான் வெயில் தீர்ப்புச் சொல்கிறது. 60 அங்குல அகலம், 90 அங்குல நீளத்தில் ஒரு போர்வை என்று வைத்துக்கொள்வோம். தைத்து முடிந்தபின் 6 அங்குலம் நிற்கும் சதுரங்களாலேயே அதைக் கட்டினால் 10 வரிசை, ஒவ்வொன்றிலும் 15 சதுரம், மொத்தம் 150. தையலுக்குக் கால் அங்குலம் நாலு பக்கமும் விட்டு, ஒவ்வொன்றையும் ஆறரை அங்குலமாக வெட்ட வேண்டும். இரண்டு இரண்டாக இந்தச் சதுரங்களைக் கையால் இணைப்பது கோடைக்கு ஏற்ற வேலை. மடியில் கிடப்பது ஒரு கைக்குட்டை அளவுதான். நாலு சதுரம் சேர்த்த கட்டம்கூடப் பாரமில்லை. மூன்று அடுக்கையும் ஒன்றாக வைத்து ஓட்டத் தையல் போடுவதோ இதற்கு நேர் எதிர். பஞ்சும் இரண்டு துணியுமாக முழங்கால் வரை போர்த்திக்கொண்டு, 38 டிகிரியில் மணிக்கணக்கில் உட்கார வேண்டும். அதை இந்த வாரத்தில் எடுப்பது வீம்பு. உடம்பும் கெடும், வியர்வையில் தையலும் கோணும்.

நடுவே இஸ்திரி போடுவது வேறு இருக்கிறது. இரண்டு வேலைகளும் நேருக்கு நேர் மோதும் ஒரே இடம் இதுதான் என்பேன். ஒவ்வொரு தையலையும் ஒரு பக்கமாகப் படிய வைத்தால்தான் மூலைகள் ஒன்றோடொன்று பொருந்தும். அதற்கு இஸ்திரிப் பெட்டி வேண்டும், பெட்டியின் பக்கத்தில் நிற்கக் குளிர்ந்த வேளை வேண்டும். குளிர்ந்த வேளை விடியல் ஒன்றுதான். அதையோ தோட்டம் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. துணி வெட்டுவதற்கும் அந்த நேரத்து வெளிச்சம்தான் கண்ணுக்கு இதம். இங்கே விட்டுக்கொடுக்க வேண்டியது தையல்தான். கையால் இணைப்பவருக்கு ஒரு வழி உண்டு. தையலை விரித்துத் தரையில் வைத்து, கட்டைவிரல் நகத்தால் அழுத்தி ஒரு நீவு நீவினால் பருத்தி படிந்துவிடும். பலமுறை துவைத்து மெத்தென்று ஆன புடவைத் துணியில் இது இன்னும் நன்றாக நிற்கும். கஞ்சி விறைப்புள்ள புதுத்துணியில் அவ்வளவு நிற்காது. பெட்டி போட்டே ஆக வேண்டியவற்றை ஒரு துணிப்பையில் சேர்த்து வைத்து, ஏதாவது ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு மேல் மொத்தமாக முடித்துவிடலாம். கொஞ்சம் பொறு என்று தோட்டத்திடம் சொல்ல முடியாது, இஸ்திரியிடம் சொல்லலாம்.

மதிய நேரத்துத் தையலால் ஒரு பெரிய நன்மை. மடியில் ஊசி இருந்தால் கை மாடிக்குப் போகாது. தொங்கும் இலைகளைப் பார்த்துப் பதறி ஊற்றும் தண்ணீர், சும்மா இருக்க முடியாமல் கிள்ளும் கிளை, பக்கத்து வீட்டார் சொன்னார்கள் என்று வெயிலில் தெளிக்கும் கரைசல் எல்லாமே வேலை தேடும் கைகளின் வேலை. அந்தக் கைகளுக்குக் கீழே வேறு ஒன்று கிடைத்துவிட்டால் செடி நிம்மதியாக இருக்கும். தோட்டமும் தையலும் நேரத்துக்குப் போட்டி போடுகின்றன என்பது மற்ற மாதங்களுக்குப் பொருந்தலாம். கத்திரி வாரத்தில் போர்வை, தோட்டத்துக்குக் காவல் இருக்கிறது.

இந்த இரண்டு வேலைகளையும் வாரத்துக்குள் அடுக்காமல் ஆண்டுக்குள் அடுக்கியவர்கள் உண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், வில்காக்ஸ் கவுண்டியில், அலபாமா ஆறு மூன்று பக்கமும் வளைத்துச் சூழ்ந்த ஒரு நிலத்துக்கு ஜீஸ் பெண்ட் என்று பெயர். 1816-இல் ஜோசப் ஜீ என்பவர் அங்கே பருத்திப் பண்ணை தொடங்கினார். 1845-இல் அது மார்க் பெட்வே கைக்கு மாறியது. அங்கே அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்தோர் பலருக்கு இன்றும் குடும்பப் பெயர் பெட்வேதான். அந்த ஊர்ப் பெண்கள் கோடையில் பருத்தியும் சோளமும் விளைந்த வயலில் உழைத்தார்கள், குளிர்காலத்தில் போர்வை தைத்தார்கள். பலகைச் சுவரின் இடுக்குகளில் காற்று நுழையாமல் செய்தித்தாளை ஒட்டி வாழ்ந்த வீடுகள் அவை. போர்வை இல்லாமல் குழந்தைகள் குளிர்காலத்தைக் கடக்க முடியாது.

அவர்களுக்குத் தையலும் வயலும் நேரத்தில் சந்தித்துக்கொள்ளவில்லை, துணியில் சந்தித்துக்கொண்டன. வயலில் போட்டுத் தேய்ந்த சட்டைகளும் டெனிம் கால்சட்டைகளும்தான் அவர்கள் எடுத்த துணி. முழங்கால் வெளுத்திருக்கும். பாக்கெட்டைப் பிரித்தெடுத்த இடத்தில் மட்டும், வெயில் படாமல் தப்பிய அடர்நீலம் அப்படியே ஒரு சதுரமாக நிற்கும். அந்த அடையாளத்தை மறைக்காமல் போர்வையின் நடுவிலேயே வைத்துத் தைத்தார்கள். 1942-இல் மிசூரி பெட்வே, இறந்துபோன தம் கணவரின் உழைப்புத் துணிகளைக் கொண்டே ஒரு போர்வை தைத்தார். பல ஆண்டு வயல் வெயிலை அந்தத் துணி சுமந்திருக்கிறது. எந்தச் சாயப் பட்டறையிலும் அந்த நிறம் கிடைக்காது. 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் ஜீஸ் பெண்ட் போர்வைகள் காட்சிக்கு வைக்கப்பட்டபோது உலகம் அவற்றை ஓவியம் பார்ப்பதுபோல் பார்த்தது. 2006-இல் அமெரிக்க அஞ்சல்துறை தபால்தலைகளாகவே வெளியிட்டது. எனக்கு அவற்றில் முதலில் தெரிவது வயலின் வெயில்.

நம் பக்கத்து மாநிலத்திலேயே இன்னொரு மரபு இருக்கிறது. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு பகுதிகளில் வாழும் சித்தி மக்கள் ஆப்பிரிக்க வழிவந்தவர்கள். விவசாயக் கூலி வேலை அவர்களில் பலருக்குப் பிழைப்பு. அவர்கள் வீட்டுப் பெண்கள் தைக்கும் கவண்டி என்ற போர்வைக்குத் தைக்கும் முறையே வேறு. மேல்துணியைத் தனியாகத் தைத்து முடித்துப் பிறகு அடுக்குகளை இணைப்பதில்லை. கீழே புடவையை விரித்து, ஓரத்திலிருந்து துண்டுகளை ஒவ்வொன்றாக மடித்து வைத்து, ஓட்டத் தையல் போட்டபடியே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருகிறார்கள். நாலு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்து ஃபூலா என்று பூ வைப்பார்கள். பூ இல்லாத கவண்டி முடிந்ததாகக் கணக்கில்லை. பஞ்சு விரிப்பு கிடையாது, பழம்புடவையின் அடுக்குகளே கனம். சென்னைக் கூடத்துக்கு ஜீஸ் பெண்ட் முறையைவிட இதுதான் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரே குறை, தொடக்கத்திலேயே முழு அளவுத் துணியும் மடியில் ஏறிவிடும். குழந்தைக்கு ஆகும் சிறிய அளவில் தொடங்கினால் அந்தக் குறையும் இல்லை.

ஜீஸ் பெண்ட் பெண்ணுக்கோ சித்திப் பெண்ணுக்கோ தோட்டமா தையலா என்று தேர்ந்தெடுக்கும் இடம் வாய்த்ததில்லை. வயல் கூலி, போர்வை தேவை. மொட்டை மாடியில் ஆசைக்கு வெண்டை வளர்த்து, ஆசைக்குத் துணி ஒட்டும் நம் நிலையை அதோடு ஒன்றாக வைப்பது நியாயமில்லை. அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது துணியைப் பற்றிய அறிவு. வெளுத்த பக்கத்தைத் தள்ளாமல் அதற்கும் இடம் கொடுப்பது. நாலு கோடையில் கொடியில் காய்ந்து ஒரு பக்கம் வெளிறிய சுங்குடிப் புடவையை, பளிச்சென்று இருக்கும் முந்தானையோடு சேர்த்து வெட்டினால், ஒரே புடவையிலிருந்து மூன்று சாயை கிடைக்கும்.

வெயிலைத் திட்டிக்கொண்டே இருப்பதும் சரியில்லை, இரண்டு வேலைக்கும் அது கூலி வாங்காமல் உழைக்கிறது. விளைந்து ஓய்ந்த தொட்டியின் மண்ணைக் கொட்டிப் பரப்பினால், சில நாளில் புழுவும் பூஞ்சையும் குறைந்து அடுத்த விதைப்புக்கு ஆயத்தமாகிவிடும். சாயம் போகும் என்று சந்தேகிக்கும் சிவப்பையும் நீலத்தையும் நனைத்துப் போட்டுச் சோதிக்க இதைவிட நல்ல மாதம் கிடையாது, ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். புதுப் பருத்தியை வெட்டுவதற்கு முன்பே துவைத்துச் சுருங்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முடித்த போர்வை முதல் துவைப்பில் கோணிக்கொள்ளும். காய வைக்கும்போது மட்டும் உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டால் நிறம் தப்பும். போடிநாயக்கனூர்ப் பக்கம் இலவங்காய் வெடிப்பதும் கோடையில்தான். அந்தப் பஞ்சைத் தலையணைக்கு வாங்கலாம், போர்வைக்கு வேண்டாம். இழை ஒன்றோடொன்று பிடிக்காமல் வழுக்கி ஒரு மூலையில் திரண்டுவிடும்.

அப்புறம் மாடிக்கு மூன்றாவதாக ஓர் உரிமைக்காரர் இருக்கிறார். வடாமும் மோர்மிளகாயும் வற்றலும் போடும் வாரமும் இதுவே. செடிக்கு நிழல்வலை வேண்டும், வடாமுக்குச் சுள்ளென்ற வெயில் வேண்டும். ஐம்பது சதவீத வலையைக் கீரைக்கும் கத்தரிக்கும் மேற்குப் பக்கமாகக் கட்டி, கிழக்குப் பாதியை வடாமுக்கும் நனைத்த துணிகளுக்கும் விட்டுவிட்டால் மூன்றும் நடக்கும். வடாமைத் திருப்பிப் போட மேலே போகும் அந்த ஒரு தடவையில் செடிகளைப் பார்க்கலாம், தொடக் கூடாது.

இரண்டு வேலைகளும் உடம்பைக் கேட்கும் விதத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பூவாளி இடுப்பையும் தோளையும் கேட்கும், ஊசி கழுத்தையும் கண்ணையும் கேட்கும். ஆகவே ஒன்றில் களைத்தவருக்கு இன்னொன்று ஓய்வாகவே படும், அங்கேதான் ஆபத்து. ஓய்வு என்று நினைத்துக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்பவர் தண்ணீர் குடிக்க மறந்துவிடுவார். தலை கிறுகிறுத்து, வாய் உலர்ந்து, வியர்வையே நின்றதுபோல் தோன்றினால் செடியும் துணியும் அப்படியே கிடக்கட்டும். மாலை ஐந்தரைக்கு மாடி ஏறும்போதும் தளம் கொதித்துக்கொண்டுதான் இருக்கும், செருப்பில்லாமல் போகக் கூடாது.

இந்த மே மாதத்தில் இரண்டையும் புதிதாகத் தொடங்க நினைக்கிறவர்கள் தையலில் தொடங்குங்கள். விதை இப்போது வேண்டாம். முளைத்த நாற்று இந்த மாடியில் ஒரு மதியத்தைத் தாங்காது. மண்ணைக் காய வையுங்கள், தொட்டியின் அடித்துளைகளைச் சரிபாருங்கள், மக்கிய எருவைச் சேர்த்து வையுங்கள். தினமும் மதியத்தில் சில சதுரங்களை இணைத்து வந்தால், ஜூலை நடுவில் ஆடி பிறக்கும்போது மேல்துணியில் பெரும்பகுதி முடிந்திருக்கும். அந்த வாரம் மேல்துணியை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு வெண்டையும் அவரையும் ஊன்றுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கி மாடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாத நாட்களில் பஞ்சு விரிப்பை வாங்கி மூன்று அடுக்கையும் இணைக்கத் தொடங்கினால், மார்கழிக்குப் போர்வை தயாராகிவிடும்.